சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை: உட்கார்ந்தே கழியும் ஓய்வையும் மனசையும் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, ஒரு டீயோடு ஷோபாவில் சாய்ந்தால் அதற்கப்புறம் எழுந்திருப்பது சாப்பிடவும் படுக்கவும் மட்டும்தான் என்று ஆகிவிட்டதா? கூடவே கொஞ்ச நாளாக எதிலும் பிடிப்பில்லை, சின்ன விஷயத்துக்கே எரிந்து விழுகிறோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் மனசு கனக்கிறது என்றும் இருக்கிறதா? இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதில் எதை மாற்றினால் போதும், எதைத் தொடவே வேண்டாம் என்பதைச் சேலத்து வாழ்க்கைக்குப் பொருந்துகிற மாதிரி படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

டிவியைத் தூக்கிப் போடு, விடிகாலை நாலு மணிக்கு எழு என்கிற அறிவுரையெல்லாம் இதில் வராது. நாள் முழுக்க உழைத்தவருக்கு உட்கார உரிமை இருக்கிறது. ஆனால் உட்காருவதிலேயே பல தினுசு இருக்கிறது. அதில் ஒரு தினுசுதான் மனசை அரிக்கிறது, அதைக் கண்டுபிடித்து அரை மணி நேரம் மாற்றினாலே பாதி வேலை முடிந்தது என்பது என் கட்சி.

முதலில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது

அவசரம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டி முதல் படிக்குப் போய்விடலாம். ஆனால் வீட்டில் யாராவது "உக்காந்தா என்ன தப்பு?" என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது.

உட்கார்ந்த வாழ்க்கை உடம்புக்கு ஆகாது என்பதை முதலில் எண்களோடு காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1953ல் வந்த அவருடைய ஆய்வு லண்டன் மாடி பஸ்களைப் பற்றியது. நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களைவிட மாரடைப்பு அதிகமாக வந்தது. அதெல்லாம் இதயக் கணக்கு. மனசுக் கணக்கை ஆய்வாளர்கள் கையில் எடுத்தது ரொம்பப் பின்னால்தான்.

அப்படி வந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்வீடனில் செய்த ஒரு ஆய்வு. 1997ல் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம் எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்று மட்டும் கேட்காமல், உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டுவிட்டு, 13 ஆண்டு அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். டிவி பார்ப்பது போல மூளைக்கு வேலை இல்லாமல் உட்காருவது ஒரு பக்கம். படிப்பது, பின்னல் போடுவது, ஆபீஸ் வேலை போல மூளை ஈடுபட்டு உட்காருவது இன்னொரு பக்கம். மூளை ஈடுபட்டு உட்கார்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வருவது குறைவாக இருந்தது. இரண்டிலும் நாற்காலி ஒன்றுதான், உடம்பு செலவழிக்கும் சக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

"நான்தான் நாள் பூரா நின்னு வேலை செய்யறேனே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. தறிப் பட்டறை, மளிகைக் கடை, சமையற்கட்டு, எல்லா இடத்திலும் இதே கேள்விதான். 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசலில் கிடைத்த விஷயம் இதற்குச் சங்கடமான பதில் சொல்கிறது. ஓய்வு நேரத்தில், தானாக விரும்பிச் செய்கிற உடலசைவுக்கும் நல்ல மனநிலைக்கும் தொடர்பு இருந்தது. போக வர நடப்பது, சைக்கிள் மிதிப்பது இவற்றுக்கும் இருந்தது. பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்புக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அங்கே தொடர்பு தலைகீழாகக்கூட இருந்தது. வீட்டு வேலைக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு இல்லை. கட்டாயத்துக்கு நடப்பதும் காற்று வாங்க நடப்பதும் மனசுக்கு ஒன்றாக இல்லை போலும். எட்டு மணி நேரம் அடுப்படியில் நின்ற பெண்ணிடம் "நீதான் வீட்டிலேயே நிறைய நடக்கிறாயே" என்று சொல்லும் ஆண்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

நார்வேயில் 33,908 பேரை 11 ஆண்டு கவனித்த இன்னொரு ஆய்வு, எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி செய்திருந்தால் பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதம் வராமலே இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் நாளுக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. அதிலும் வியர்க்க விறுவிறுக்க ஓட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சாதாரண நடையே கணக்கில் சேர்ந்தது.

சரி, உட்காருவதால் மனசு சோர்கிறதா, மனசு சோர்ந்ததால் உட்கார்ந்துவிடுகிறோமா? இரண்டும்தான். சோர்வு வந்தவர் படுத்தே கிடப்பார், படுத்துக் கிடப்பதால் வெயிலும் மனுஷ முகமும் குறையும், ராத்திரித் தூக்கம் கெடும், மறுநாள் இன்னும் சோர்வு. மேலே சொன்ன மாதிரி நாள்பட்ட ஆய்வுகளில் எது காரணம் எது விளைவு என்று முழுசாகப் பிரிக்க முடியாது. ஆனால் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சுறுசுறுப்பாக இருந்த இளைஞர்களை ஒரு வாரம் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு நாளுக்கு 5,000 அடிகளுக்குள் நடக்கச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண் ஏறியது, வாழ்க்கையில் திருப்தி இறங்கியது. பழையபடி நடக்க விட்டதும் சரியானது. ஒரு வாரம் போதுமாம், கெடவும் திரும்பவும்.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. போனில் ஸ்கிரீன் டைம் காட்டுகிறதே, அது போதாதா என்றால் போதாது. எவ்வளவு நேரம் என்று அது சொல்லும். எழுந்தபோது மனசு எப்படி இருந்தது என்று சொல்லாது.

ஒரு பழைய நோட்டு எடுத்து நாலு கட்டம் போடுங்கள். நேரம், என்ன செய்தேன், யாரோடு, உட்காரும்போதும் எழும்போதும் மனசு பத்துக்கு எத்தனை. ஆபீஸ் நேரம் வேண்டாம், வேலை முடிந்ததிலிருந்து தூங்கும் வரை மட்டும். ஞாயிறு என்றால் முழு நாள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்ற வைக்கிற என் சித்தப்பா எழுதிய ஒரு நாள் இது:

7.10 – 7.50: செய்தி, தனியாக, 4 – 4
7.50 – 9.15: போன், ரீல்ஸ், தனியாக, 4 – 2
9.15 – 9.35: சாப்பாடு, டிவி முன்னால்
9.35 – 10.10: வாசலில், பக்கத்து வீட்டு அண்ணனோடு பேச்சு, 2 – 6
10.10 – 11.40: படுக்கையில் போன், 6 – 3

பகலெல்லாம் தரையில் குனிந்து உட்கார்ந்து வேலை செய்கிறவர். "முதுகு விட்டுப் போகுதுடா, சாயங்காலம் சாயாம என்ன பண்ணச் சொல்ற?" என்றுதான் ஆரம்பித்தார். அவர் சொன்னது நியாயம். ஆனால் தாளைப் பார்த்தால் அவரை ஏற்றிவிட்டது வாசலில் உட்கார்ந்த அந்த அரை மணி, அதுவும் உட்கார்ந்துதான். இறக்கிவிட்டது போனோடு கழிந்த இரண்டு துண்டு நேரம். செய்தி ஏற்றவும் இல்லை இறக்கவும் இல்லை. இதை நான் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அவர் கையெழுத்திலேயே இருந்ததால் "அடப்பாவி" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் தாள் வேறு மாதிரி இருக்கலாம். சிலருக்கு ராத்திரி ஒன்பதரை சீரியல் உண்மையிலேயே மதிப்பெண்ணை ஏற்றும், ஏனென்றால் மாமியாரும் மருமகளும் சேர்ந்து வில்லியைத் திட்டுகிற நேரம் அது. அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: மூன்றாகப் பிரியுங்கள்

வாரக் கடைசியில் எழுதியதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். எழும்போது மதிப்பெண் ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். மாறவில்லை என்றால் குறைக்கலாம். இறங்கியிருந்தால், அதுவும் பல நாள் இறங்கியிருந்தால், அதுதான் மாற்ற வேண்டிய நேரம்.

பெரும்பாலும் இறக்குவது தனியாக, கை சும்மா இருக்க, முடிவு எங்கே என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கிற வகைதான். படத்துக்கு ஒரு முடிவு உண்டு, மேட்ச்சுக்கு உண்டு, ரீல்ஸுக்குக் கிடையாது. குவார்ட்டர் பாட்டிலோடு உட்காருகிற நேரத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். உட்காரும்போது எட்டு என்று போடத் தோன்றும். மறுநாள் காலை மதிப்பெண்ணையும் பக்கத்தில் போட்டால் கணக்கு நேராகிவிடும். மது மூளையை மந்தப்படுத்துகிற பொருள், தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், மனச்சோர்வைக் கூட்டும்.

மூன்றாம் படி: அரை மணியை மட்டும் எடுங்கள், அதைச் சேலத்தில் எங்கே கழிப்பது

மாற்ற வேண்டிய நேரம் மூன்று மணி நேரமாக இருந்தாலும் முதலில் அரை மணி மட்டும். அந்த அரை மணி எப்போதும் ஒரே நேரத்தில், ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரட்டும். டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பு மாட்டுவது, அல்லது ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டு எடுத்ததும். ஷோபாவில் சாய்ந்த பிறகு கிளம்பலாம் என்றால் கிளம்ப மாட்டோம். டிரெஸ் மாற்றுவதற்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது, லுங்கி கட்டிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

எங்கே போவது? ஏப்ரல், மே மாதம் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும், தார் ரோடு ராத்திரி எட்டு மணிக்கும் அனல் கக்கும். அந்த இரண்டு மாதம் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள் அல்லது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலை வெளிச்சத்துக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு. அது உடம்புக் கடிகாரத்தை நேர் செய்யும், ராத்திரித் தூக்கம் சீக்கிரம் வரும். மனசு சரியில்லாதவருக்குப் பாதி மருந்தே தூக்கம்தான்.

அஸ்தம்பட்டி, பேர்லேண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குக் காந்தி மைதானம் இருக்கிறது. கன்னங்குறிச்சிக்காரர்களுக்கு மூக்கனேரி, ஏரி நடுவே மண் திட்டுகளில் வளர்ந்த மரங்களில் சாயங்காலம் பறவைகள் வந்து அடையும், சும்மா நின்று பார்த்தாலே பொழுது போகும். அம்மாபேட்டைப் பக்கம் குமரகிரி, உடையாப்பட்டிப் பக்கம் கந்தாஸ்ரமம், சீலநாயக்கன்பட்டிப் பக்கம் ஊத்துமலை. மூன்றும் ஏறி இறங்குகிற இடங்கள், கோயிலுக்குப் போன மாதிரியும் ஆச்சு, கால் வேலை செய்த மாதிரியும் ஆச்சு. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது கவனம், ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைப் படுத்தும். குகை, செவ்வாய்ப்பேட்டை, கிச்சிப்பாளையம் மாதிரி நெருக்கமான இடங்களில் நடக்க இடமே இல்லை என்பது உண்மைதான். அங்கே மொட்டை மாடி போதும், அல்லது கோட்டை மாரியம்மன் கோயில், சுகவனேஸ்வரர் கோயில் என்று போய்ப் பிராகாரம் சுற்றுங்கள்.

தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்துத் தருகிற நம்மூர்த் தட்டுவடை செட் கடை வரைக்கும் நடந்து போய் ஒரு செட் சாப்பிட்டுத் திரும்பினால் அது நடையா என்று ஒரு நண்பர் கேட்டார். நடைதான். எடை குறைப்பது நம் நோக்கமில்லை. மனசைப் பொறுத்தவரை அவர் வெளிச்சம் பார்த்தார், கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினார், போனை அரை மணி தொடவில்லை. தினமும் இரண்டு செட் என்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் இருட்டிய பிறகு தனியாகப் போவதற்கு யோசிப்பார்கள், யோசிக்க வேண்டிய நிலைமையில்தான் தெருக்கள் இருக்கின்றன. தெருவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கிளம்புவது நல்ல வழி. "அக்கா, வர்றீங்களா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். நாய்த் தொல்லை இருக்கும் தெருவில் கூட்டமாகப் போவது அதற்கும் நல்லது.

10,000 அடி என்ற எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். அது 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோடு பிரபலமான எண், ஆராய்ச்சியில் பிறந்ததில்லை. 2024ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் நாளுக்கு 7,000 அடிகளுக்கு மேல் நடப்பவர்களுக்கு, அதற்குக் கீழே நடப்பவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. 5,000 தாண்டியதுமே அறிகுறிகள் குறைவாகத் தெரிந்தன. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷ மிதமான உடலசைவு, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடுகிறது. அதில் பாதியைச் செய்தவர்களுக்கே மனச்சோர்வு ஆபத்து 18 சதவீதம் குறைவாக இருந்ததை 2022ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆக, செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை என்றால் புதன்கிழமை போங்கள், விட்டுப்போன கணக்கைத் துரத்த வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப் பையில் இரண்டு மிட்டாயோடு போங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்குதல், தலை சுற்றல் வருகிறவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நான்காம் படி: மீதி உட்காருகிற நேரத்தை உடையுங்கள்

எடுக்காமல் விட்ட இரண்டரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும், ஆனால் ஒரே தொடராக வேண்டாம். அமெரிக்காவில் ஒரு சிறிய சோதனையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களை ஒவ்வொரு மணி நேரமும் ஐந்து நிமிஷம் நடக்க வைத்தார்கள். காலையில் ஒரே மூச்சில் அரை மணி நடந்து முடித்த நாளில் இருந்த உற்சாகம், ஐந்து ஐந்து நிமிஷமாக நடந்த நாளிலும் இருந்தது. நல்ல மனநிலையோ பிந்தைய நாளில்தான் நீடித்தது.

வீட்டில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். விளம்பரம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிப்பது, காயப்போட்ட துணியை எடுப்பது. ஓடிடி பார்ப்பவர்கள் பலருக்கு விளம்பரம் வராது, அதனால் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். அடுத்த எபிசோடுக்கு நீங்களாக எழுந்து பட்டன் அழுத்த வேண்டும் என்றால் பாதி நாள் அழுத்த மாட்டீர்கள். போன் சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டுங்கள். இந்த ஒன்றைச் செய்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகப் பலன் பார்த்தவர்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று சாக்கு வரும், கடிகாரக் கடையில் சின்ன அலாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உட்கார்ந்தே செய்யலாம், ஆனால் கையும் மூளையும் ஓடட்டும்

முழங்கால் வலி, கர்ப்பம், வயசு, மழை என்று நடக்க முடியாத நாள்கள் வரும், நடக்கப் பிடிக்காத ஆட்களும் உண்டு. ஸ்வீடன் ஆய்வு அவர்களுக்காகவே செய்த மாதிரி.

பூக்கட்டுவதைப் பாருங்கள். இடது கை விரலிடுக்கில் நாரைப் பிடித்து, இரண்டு பூ இந்தப் பக்கம் இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சைத் தள்ளுகிற வேலை. முழம் வளர்வது கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் ஆள் இருந்தால் வாய் பேசிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் தலையில் வைக்கவோ சாமிக்குப் போடவோ ஒரு சரம் மிச்சம். ரீல்ஸ் பார்த்து முடித்தவர் கையில் என்ன மிச்சம்? கேரம், செஸ், ஆடுபுலி ஆட்டம், தையல், எம்பிராய்டரி, பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டுவது, பேரனுக்குக் கணக்கு சொல்லித் தருவது எல்லாம் இதே வகை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வரலாம். டீக்கடையில் பேப்பர் படிப்பதுகூடச் சேர்த்திதான், அரசியல் சண்டை ரத்தக் கொதிப்பை ஏற்றாத வரை.

டிவி பார்த்துக்கொண்டே பூக்கட்டினால் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்காதீர்கள். கட்டுங்கள்.

ஆறாம் படி: ஞாயிற்றுக்கிழமையும் ஏற்காடும்

சேலத்துக்காரருக்கு மனசு சரியில்லை என்றால் முதலில் தோன்றுவது ஏற்காடு. பழைய பஸ் நிலையமோ புது பஸ் நிலையமோ, பஸ் பிடித்தால் 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேலே போனால் கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்துக் காற்று. ஆனால் பலர் போகிற விதத்தைப் பாருங்கள். காரில் ஏறி உட்கார்ந்து, ஏரியில் போட்டில் உட்கார்ந்து, ஓட்டலில் உட்கார்ந்து, வியூ பாயிண்டில் ஐந்து நிமிஷம் போட்டோ எடுத்து, திரும்பவும் காரில் உட்கார்ந்து இறங்குகிறார்கள். மலைக்குப் போய்வந்தும் அன்றைக்கு நடந்தது வீட்டில் நடப்பதைவிடக் குறைவு.

காரை ஏரிப் பக்கம் நிறுத்திவிடுங்கள், அல்லது பஸ்ஸிலேயே போங்கள். ஏரியிலிருந்து லேடீஸ் சீட் வரை நடந்து, கீழே சேலம் ஊர் பரந்து கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு பாதையில் திரும்பினாலே நல்ல நடை. தெம்பு இருந்தால் பகோடா பாயிண்ட், இன்னும் தெம்பு இருந்தால் 5,300 அடிக்கு மேலே இருக்கும் சேர்வராயன் கோயில் வரை. இருபுறமும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அடியில் காபிச் செடி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை போனால் சிவப்புப் பழம் பறிப்பதைப் பார்க்கலாம். இங்கே காபி வந்தே இருநூறு வருஷம் ஆகிறது, 1820ல் காக்பர்ன் என்ற கலெக்டர் கொண்டுவந்தது.

சில எச்சரிக்கைகள்: கொண்டை ஊசி வளைவு ரோட்டில் நடக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கூட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது. எஸ்டேட் பாதைகளில் காட்டெருமை நிற்கும், செல்ஃபிக்காகக் கிட்டே போக வேண்டாம். பனிமூட்டம் இறங்கினால் எதிரில் வருவது தெரியாது, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிக்கு உப்போ மூக்குப் பொடியோ கையில் இருக்கட்டும்.

மாதம் ஒரு தடவை ஏற்காடு போவது சுகம்தான், ஆனால் இருபத்தைந்து நாள் சாயங்காலத்தை அது ஈடுகட்டாது. பணமும் பெட்ரோலும் செலவாகும் விஷயத்தையே மருந்து என்று நினைத்துக்கொண்டு, காசில்லாமல் வாசலில் கிடைப்பதை விட்டுவிடுகிறோம் என்பது என் புகார்.

ஏழாம் படி: எழவே முடியவில்லை என்றால்

இதுவரை படித்துவிட்டு "அரை மணியா, எனக்குப் பல் தேய்க்கவே முடியலை" என்று நினைக்கிறவர்களுக்கு இது. உங்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை. மனச்சோர்வு என்பது முதலில் ஆசையைத்தான் பிடுங்கும். ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. கொஞ்சம் செய்த பிறகுதான் மெல்ல வரும். இதையே சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள். நாளுக்கு ஒன்றிரண்டு சின்னக் காரியங்களை நேரம் குறித்து, மனநிலை எப்படி இருந்தாலும் செய்து, செய்த பிறகு எப்படி இருந்தது என்று எழுதுவது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல டாக்டர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே வந்து இதைச் சொல்லிக்கொடுத்த சோதனை 2017ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் அது பலன் கொடுத்தது.

வீட்டில் செய்ய: காரியத்தைச் சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னதாக்குங்கள். "வாக்கிங் போவேன்" என்று வேண்டாம். "ஆறு மணிக்கு வாசல் கேட் வரை போய், அங்கே இரண்டு நிமிஷம் நிற்பேன்." அதைச் செய்தால் டிக் போடுங்கள். நாலு நாள் டிக் விழுந்தால் தெருமுனை வரை. கூட இருப்பவர்கள் "எழுந்திரி, எழுந்திரி" என்று நச்சரிப்பதைவிடத் தாங்களும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது உதவும்.

டாக்டரை எப்போது பார்ப்பது

நாளின் பெரும்பகுதி மனசு சோர்ந்தோ, எதிலும் விருப்பமில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால், கூடவே தூக்கம், பசி, கவனம் கெட்டிருந்தால், நடந்து சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசு மருத்துவமனை என்பதால் காசு பற்றிய கவலை வேண்டாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, நாள் முழுக்க இயங்கும், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104ம் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாளைக்கு என்று வைக்காமல் இப்போதே கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், நடக்க ஆரம்பித்ததும் நன்றாக இருக்கிறது என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. நன்றாக இருப்பதற்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

ஒரு மாதம் கழித்து

நாலு வாரம் ஆனதும் முதல் படியில் போட்ட அதே நாலு கட்டத்தை இன்னொரு வாரம் போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ராத்திரி படுக்கும்போது இருந்த மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மதிப்பெண் ஏறியிருந்தாலும் அந்த அரை மணியை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு அரை மணியை எடுக்கலாம். மாறவே இல்லை என்றால் இடத்தையோ நேரத்தையோ ஆளையோ மாற்றிப் பாருங்கள். தனியாக நடந்தவர் துணையோடு, ராத்திரி நடந்தவர் காலையில். இறங்கியிருந்தால் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், தூக்கம் எப்படி என்று அவர் கேட்கப் போகிற கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.